உண்மை சொன்னால் துவக்கு இல்லை, பொய் சொன்னால் உண்டு

அமெரிக்காவில் கஞ்சா பாவிக்கும் ஒருவர் துவக்கு வைத்திருக்கலாமா என்ற கேள்வி அந்த நாட்டின் உயர் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. எமது ஊர்க் குழுமங்களிலும் பலர் இந்தச் செய்தியைப் பகிர்ந்திருந்தார்கள். கீழே வந்த கருத்துக்கள் அநேகமாக ஒரே மாதிரித்தான். "கஞ்சாக்காரனுக்குத் துவக்கும் வேணுமாம்", "கியாமத் நெருங்கிட்டு", "இதுதான் அவங்கட சுதந்திரம்". சிரிப்புப் படங்கள் வேறு.

சிரித்துவிட்டுக் கடந்து போகக்கூடிய விடயம் இதுவல்ல என்பது எமது அபிப்பிராயம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் எமது நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பிறகு யாரும் வந்து "என்ன சேர், கஞ்சாவுக்கு வக்காலத்தா?" என்று கேட்கக் கூடாது. போதை தரும் எதுவும் எமக்கு ஹராம். அதில் இரண்டு பேச்சு இல்லை. போதை ஒழிப்பு நிகழ்ச்சி என்று வந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிறவர்களும் நாங்கள்தான். துவக்கும் எமக்கு விருப்பமான சாமான் அல்ல. யுத்தம் நடந்த நாட்டில் பிறந்து வளர்ந்த எமக்கு, துவக்கு என்ன செய்யும் என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆக, இந்த விவகாரத்தில் இருக்கும் இரண்டு பொருளுமே எமக்கு வேண்டாதவை. அப்படியிருந்தும் சொல்கிறோம்: அமெரிக்காவின் இந்தச் சட்டம் பிழையான இடத்தில் கை வைக்கிறது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

*

நமது நாட்டில் ஒரு வயற்காரர் யானைக்கும் பன்றிக்கும் பயந்து துவக்கு வைத்திருப்பதென்றால் அதற்கு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அரசு விரும்பினால் தரும், விரும்பாவிட்டால் தராது. இங்கே துவக்கு என்பது அரசு தரும் ஓர் அனுமதி.

அமெரிக்காவில் கதை வேறு. 1791இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருப்பதை மக்களின் உரிமையாகச் சொல்கிறது. அது தனிமனிதனுக்குரிய உரிமைதான் என்று 2008இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்லதோ கெட்டதோ, பேச்சுரிமை, மத உரிமை இருக்கும் அதே பட்டியலில்தான் அங்கே துவக்கும் இருக்கிறது. பியூ ஆய்வு நிலையத்தின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பின்படி வளர்ந்தவர்களில் 100க்கு 32 பேர் தம்மிடம் துவக்கு இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் அந்த உரிமையை எல்லோருக்கும் கொடுக்கவில்லை. மார்ட்டின் லூதர் கிங்கும் ரொபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968ஆம் ஆண்டில்தான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. யார் யாருக்குத் துவக்கு கூடாது என்று ஒரு பட்டியல் அதில் இருக்கிறது. பாரதூரமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர்கள் அதில் ஒரு வகை. போதைப்பொருளைச் சட்டவிரோதமாகப் பாவிப்பவர்களும் அதற்கு அடிமையானவர்களும் இன்னொரு வகை.

இதுவரைக்கும் வாசித்தால் நியாயமாகத்தான் தெரியும். சிக்கல் "சட்டவிரோதமாக" என்ற சொல்லில் இருக்கிறது.

1970இல் கொண்டுவரப்பட்ட போதைப்பொருள் சட்டம் கஞ்சாவை முதலாம் அட்டவணையில் போட்டது. அதாவது ஹெரோயினோடு ஒரே வரிசை. கொகெய்ன் கூட ஒரு படி கீழே, இரண்டாம் அட்டவணையில்தான் இருக்கிறது. ஆனால் மாநிலங்கள் வேறு பாதையில் போயின. 1996இல் கலிபோர்னியா மருத்துவத் தேவைக்குக் கஞ்சாவை அனுமதித்தது. 2012இல் கொலராடோவும் வொஷிங்டன் மாநிலமும் வளர்ந்தவர்கள் யாரும் பாவிக்கலாம் என்றன. இப்படி வளர்ந்தவர்களுக்கு அனுமதித்த மாநிலங்கள் 2023 முடியும்போது 24 ஆகிவிட்டன. மருத்துவத் தேவைக்கு மட்டும் அனுமதித்தவற்றையும் சேர்த்தால் சுமார் 40. மாநில அரசு வரி வாங்குகிறது, கடைக்கு அனுமதி கொடுக்கிறது, நோயாளிக்கு அட்டை கொடுக்கிறது.

மத்திய அரசின் சட்டமோ மாறவில்லை. மாநிலம் என்ன சொன்னாலும் மத்திய சட்டமே மேலோங்கும் என்று 2005இல் உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் சொல்லிவிட்டது. ஆக, புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டு வாந்தி தாங்காமல் வைத்தியரின் சிபாரிசில் கஞ்சா எடுக்கும் ஒரு தாய், மாநிலத்தின் கண்ணில் நோயாளி. மத்திய அரசின் கண்ணில் அவர் சட்டவிரோதப் பாவனையாளர். அவருடைய வீட்டு அலுமாரியில் துவக்கு ஒன்று இருந்தால் அவர் குற்றவாளியும்கூட. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி அதற்கு உச்சத் தண்டனை 15 வருடச் சிறை. அதற்கு முன்னர் 10 வருடமாக இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை. 2014இலிருந்து அமெரிக்கக் காங்கிரஸ் தனது வரவுசெலவுச் சட்டத்தில் ஒரு நிபந்தனை போட்டு வருகிறது. மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாத் திட்டங்களைக் குழப்புவதற்கு நீதித் திணைக்களம் காசு செலவழிக்கக் கூடாது என்பதே அது. ஒரு கையால் "எடு, நான் பார்க்கவில்லை" என்கிறது. மறு கையால் "எடுத்தாயா, அப்படியென்றால் உன் உரிமை போய்விட்டது" என்கிறது.

*

அங்கே அனுமதி பெற்ற கடையில் துவக்கு வாங்குவதென்றால் 4473 என்ற இலக்கமுள்ள படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். நீங்கள் கஞ்சாவையோ வேறு போதைப்பொருளையோ சட்டவிரோதமாகப் பாவிப்பவரா என்று அதில் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்திய சட்டப்படி கஞ்சா சட்டவிரோதமே என்ற எச்சரிக்கையும் அதன் கீழே அச்சிடப்பட்டிருக்கிறது.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வைத்தியரின் சிபாரிசோடு மாநில அட்டை எடுத்து, இரவில் நித்திரைக்குப் போகும் முன் அளவாகப் பாவிப்பவர். மற்றவர் தெருவில் வாங்கிக் கண்டபடி புகைப்பவர். முதலாமவர் "ஆம்" என்று எழுதுகிறார். கடைக்காரர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு அவரைத் திருப்பி அனுப்புகிறார். இரண்டாமவர் "இல்லை" என்று எழுதுகிறார். அவர் மீது பழைய வழக்குகள் இல்லையென்றால் கணினியும் ஒன்றும் சொல்லாது. அவர் துவக்கோடு வீட்டுக்குப் போகிறார். படிவத்தில் பொய் சொல்வதும் குற்றம்தான். ஆனால் பிடிபட்டால்தானே.

அதுவும் கடையில் வாங்குபவருக்குத்தான் இந்தப் படிவம். பல மாநிலங்களில் தனியாளிடமிருந்து வாங்கும்போது இந்தப் படிவமும் இல்லை, பின்னணிச் சோதனையும் இல்லை.

ஆசிரியர்களுக்கு இது நன்றாக விளங்கும். "நேற்று மதிலேறிப் போனவர்கள் எழும்புங்கள்" என்று ஓர் அதிபர் கேட்கிறார். எழும்பிய நான்கு பேருக்கு அடி. எழும்பாத பத்துப் பேர் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த முறை கேட்டால் எத்தனை பேர் எழும்புவார்கள்? அந்தப் பிள்ளைகள் அன்று கற்ற பாடம் மதிலேறக் கூடாது என்பதல்ல, எழும்பக் கூடாது என்பதுதான். 4473 ஒரு முழு நாட்டுக்கும் அந்தப் பாடத்தைத்தான் படிப்பிக்கிறது.

நெவாடா மாநிலத்தில் மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருந்த ஒரு பெண் துவக்கு வாங்கப் போனார். அட்டை இருப்பது கடைக்காரருக்குத் தெரிந்திருந்ததால் அவர் விற்க மறுத்துவிட்டார். துப்பாக்கி விற்பனையை மேற்பார்வை செய்யும் மத்திய அமைப்பு 2011இல் கடைக்காரர்களுக்கு அப்படித்தான் கடிதம் அனுப்பியிருந்தது. அந்தப் பெண் வழக்குப் போட்டார். 2016இல் ஒன்பதாவது வலய மேன்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. விரும்பினால் அட்டையை ஒப்படைத்துவிட்டுத் துவக்கு வாங்கலாமே என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. அட்டையைக் கொடுத்த பிறகும் ஒருவர் களவாகப் பாவித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? பதிவு செய்து வெளிச்சத்தில் நின்றவரை இருட்டுக்குப் போகச் சொல்வதல்லவா இது?

2017இல் ஹவாய் மாநிலத்தின் ஹொனலூலு நகரப் பொலிஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. நோயாளிகளின் பதிவேட்டையும் துவக்குப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டிலும் பெயர் இருந்த சுமார் 30 பேருக்குக் கடிதம் அனுப்பியது. 30 நாட்களுக்குள் துவக்குகளை ஒப்படைக்கச் சொன்னது. மக்கள் கொதித்தெழுந்த பிறகு அந்த நடவடிக்கையைப் பொலிஸ் கைவிட்டது. ஆனால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. வைத்தியரிடம் பதிந்தால் பொலிஸுக்குப் பெயர் போகும்.

யுத்தத்துக்குப் போய் வந்து நித்திரை இல்லாமல் தவிக்கும் முன்னாள் படைவீரரை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலரிடம் துவக்கு இருக்கிறது. அப்படி ஒருவர் வைத்தியரிடம் உண்மையைச் சொல்வாரா, மறைப்பாரா? துவக்கும் மன உளைச்சலும் ஒரே வீட்டில் இருப்பவர்தான் வைத்தியரிடம் எல்லாவற்றையும் திறந்து பேச வேண்டியவர். சட்டமோ அவருடைய வாயை மூடுகிறது.

*

சரி, அப்படியென்றால் மது?

இதற்குப் பதில் சொல்ல இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் தடுமாறுகிறார்கள். 21 வயதான ஒருவர் ஒரு போத்தல் விஸ்கி வாங்கிக் காரில் வைத்துவிட்டு நேரே துவக்குக் கடைக்குப் போகலாம். அந்தப் படிவத்தில் மது பற்றி ஒரு கேள்வியும் இல்லை. தினமும் குடிப்பவர் "இல்லை" என்று எழுதினாலும் அவர் சொல்வது உண்மை. வைத்தியர் எழுதிய துண்டோடு ஒப்பியம் வகை வலிநிவாரணிகளை எடுப்பவருக்கும் தடையில்லை, ஏனென்றால் அது சட்டபூர்வப் பாவனை. அந்த மாத்திரைகள் அமெரிக்காவில் எத்தனை உயிர்களைக் குடித்தன என்பது உலகம் அறிந்த கதை. முதலாம் அட்டவணையில் இருப்பதால் கஞ்சாவுக்கு மட்டும் வைத்தியர் துண்டு எழுத முடியாது, சிபாரிசு மட்டும்தான் செய்யலாம்.

மது, கஞ்சா இரண்டையுமே ஒதுக்கும் எமக்கு இந்தப் பாகுபாடு நன்றாகத் தெரிகிறது. ஆபத்தை அளந்து போட்ட கோடு இதுவென்றால் மதுவும் அதற்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியென்றால் இந்தக் கோடு எதை அளந்து போடப்பட்டது?

*

மறு பக்கத்தின் நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டில் மட்டும் 48,830 பேர் துவக்கினால் இறந்தார்கள். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அப்படிப்பட்ட நாட்டில் புத்தி தடுமாறியவனின் கையில் துவக்கு போகாமல் தடுக்க வேண்டும் என்று ஒரு தாய் கேட்டால் அதில் பிழை காண முடியாது. இன்றைய கஞ்சாவின் வீரியம் கூடியிருக்கிறது, சிலருக்கு அது மனநோயைத் தூண்டுகிறது என்று வைத்தியர்கள் எச்சரிப்பதும் பொய்யல்ல. கடைக்காரரால் ஒவ்வொருவரையும் பரிசோதிக்க முடியாது, எனவே மொத்தமாகத் தடுப்பதே இலகு என்பது அவர்களின் வாதம்.

இந்த வாதத்தை நாம் தட்டிக் கழிக்கவில்லை. ஆனால் இலகுவானது எல்லாம் சரியானது ஆகிவிடாது. இங்கே பயன்கூட இல்லை. மேலே பார்த்தபடி இந்தத் தடை பிடிப்பது உண்மை சொல்பவரை. ஆபத்தானவர் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்.

ஆசிரியர் கலாசாலையில் வகுப்பறை முகாமைத்துவம் படித்தபோது எமக்குச் சொல்லித் தந்த அடிப்படை விடயம் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பெயர் சூட்டாதே, செயலைத் திருத்து. "இவன் கள்ளன்" என்று சொல்லாதே, "இன்று நீ செய்தது பிழை" என்று சொல். பெயர் சூட்டப்பட்ட பிள்ளை அந்தப் பெயருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். செயலைக் காட்டிய பிள்ளைக்குத் திரும்பி வர ஒரு பாதை இருக்கும். சட்டத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறோம்.

அமெரிக்காவின் பழைய சட்டங்களும் இதற்குக் கிட்டத்தான் இருந்தன. 1655இல் வேர்ஜீனியாவில் குடி விருந்துகளில் துவக்குச் சுடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. வெறியில் இருக்கும்போது ஆயுதம் தூக்கிக்கொண்டு திரியக் கூடாது என்று 1867இல் கன்சாஸும் 1883இல் மிசூரி, விஸ்கொன்சின் மாநிலங்களும் சட்டம் போட்டன. வெறியில் இருக்கும் நேரத்தில் செய்யும் செயலைத்தான் அவை தடுத்தன. வெள்ளிக்கிழமை இரவு குடித்தவரின் துவக்கைச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து அவை பறிக்கவில்லை.

இந்தப் பழைய கதை இன்று முக்கியமாகியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. துவக்குச் சட்டம் ஒன்று செல்லுபடியாக வேண்டுமென்றால் அந்த நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் அதற்கு ஒத்த சட்டம் இருந்திருக்க வேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு வழக்குகள் மளமளவென்று வந்தன.

மிசிசிப்பியில் 2022இல் இலக்கத் தகடு இல்லாமல் வாகனம் ஓட்டிய ஒருவரைப் பொலிஸார் மறித்தார்கள். வாகனத்தில் கஞ்சா சுருட்டின் அடிக்கட்டைகளும் இரண்டு துவக்குகளும் இருந்தன. மாதத்தில் சுமார் 14 நாட்கள் பாவிப்பதாக அவரே சொன்னார். அந்த நேரத்தில் அவர் போதையில் இருந்தாரா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆனாலும் 46 மாதச் சிறை. 2023இல் ஐந்தாவது வலய மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை இரத்துச் செய்தது. உயர் நீதிமன்றம் மீண்டும் பார்க்கச் சொன்ன பிறகு, 2025இலும் அதே நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை விலக்கியது.

புளோரிடாவில் அப்போதைய விவசாய ஆணையாளர் நிக்கி பிரைட் 2022இல் மருத்துவக் கஞ்சா நோயாளிகளோடு சேர்ந்து வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2025 ஓகஸ்ட்டில் பதினோராவது வலய மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வழக்கு நடக்கட்டும் என்றது. இந்த நோயாளிகள் பாரதூரமான குற்றவாளிகளுக்குச் சமம் என்றோ ஆபத்தானவர்கள் என்றோ அரசு காட்டவில்லை என்பதே காரணம். வேறு சில நீதிமன்றங்கள் சட்டத்தின் பக்கம் நின்றன. கடைசியில் டெக்சாஸில் ஆரம்பித்த ஹேமானி வழக்கை 2025 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்தது. டெக்சாஸில் பொழுதுபோக்குக்குக் கஞ்சா அனுமதியில்லை என்பது உண்மை. ஆனால் சட்டப்பிரிவு ஒன்றுதான். அதனால் சட்டபூர்வமாகப் பாவிப்பவர்களின் தலைவிதியும் அந்த வழக்கோடு கட்டப்பட்டுவிட்டது.

அந்த வழக்கில் யார் யார் எந்தப் பக்கம் என்று பார்த்தால் ஆச்சரியம். துவக்கு உரிமை பேசி வாக்குக் கேட்ட ட்ரம்ப்பின் அரசு தடையைப் பாதுகாக்க வாதாடியது. பைடனின் அரசும் முன்னர் அதைத்தான் செய்தது. தேசிய ரைபிள் சங்கமும், அதற்கு நேர் எதிரான அரசியலில் அறியப்பட்ட அமெரிக்க சிவில் சுதந்திரங்கள் ஒன்றியமும் மறு பக்கத்தில் ஒன்றாக நின்றன. கட்சி பார்த்துத் தீர்மானிக்கக்கூடிய விடயம் இதுவல்ல என்பதற்கு இதுவே போதும்.

*

இன்னொரு விடயம். இதுதான் எமக்கு மிகவும் உறுத்துவது.

அரசின் கணக்கெடுப்பின்படி 2022இல் அமெரிக்காவில் சுமார் 6 கோடிப் பேர் அந்த ஒரு வருடத்துக்குள் கஞ்சா பாவித்திருக்கிறார்கள். மூன்றில் ஒருவரிடம் துவக்கு இருக்கும் நாடு. இரண்டும் உள்ளவர்கள் இலட்சக்கணக்கில் இருப்பார்கள் என்று சொல்லப் பெரிய கணிதம் தேவையில்லை. இத்தனை பேரையும் எந்த அரசாலும் சிறையில் போட முடியாது. அப்படியென்றால் யாரைப் பிடிப்பது? அதிகாரி யாரைப் பார்க்கிறாரோ அவரை. எந்தத் தெருவில் வாகனத்தை மறிக்கிறாரோ அந்தத் தெருவில் இருப்பவரை. எல்லோரையும் குற்றவாளியாக்கும் சட்டம், யாரைத் தண்டிப்பது என்ற விருப்பத்தை அதிகாரியின் கையில் கொடுத்துவிடுகிறது.

ஜனாதிபதியின் மகனே இதில் மாட்டினார். 2018இல் துவக்கு வாங்கியபோது போதைப்பொருள் பற்றிய கேள்விக்குப் பொய்யாகப் பதில் எழுதினார் என்று ஹன்டர் பைடன் மீது வழக்கு. அவருடைய விடயத்தில் போதைப்பொருள் கிராக் கொகெய்ன். அந்தத் துவக்கு அவரிடம் இருந்தது 11 நாட்கள். 2024 ஜூனில் மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகியது. அதே வருடம் டிசம்பர் முதலாம் திகதி தகப்பன் மன்னிப்புக் கொடுத்தார். ஜனாதிபதியைத் தகப்பனாகப் பெற்றவருக்கு ஒரு கதவு திறந்தது. மிசிசிப்பியில் பழைய வாகனத்தில் போனவருக்கு அப்படி ஒரு தகப்பன் இல்லை.

ஒருவர் செய்த செயலைப் பார்க்காமல் அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று பார்த்துச் சந்தேகிப்பது எப்படியிருக்கும் என்று எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, வீட்டிலிருந்த கத்திக்கும் அலுமாரியிலிருந்த புத்தகத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கஞ்சா பாவிப்பது ஒருவர் தேர்ந்தெடுப்பது, மார்க்கமும் பிறப்பும் அப்படியல்ல. இரண்டும் ஒன்றென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்காமல் "நீ யார்?" என்று மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் முறை எமக்கு வலித்தது என்றால், எமக்குப் பிடிக்காத ஒருவர் மீது அதே முறை பாயும்போது கை தட்டக் கூடாது.

*

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

ஒன்று. போதையில் இருக்கும்போது துவக்கைத் தொடுவதும் தூக்கித் திரிவதும் குற்றமாகட்டும். மதுவுக்கும் கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் ஒரே அளவுகோல். வாகனம் ஓட்டுவதில் இதைத்தானே எல்லா நாடும் செய்கிறது. குடிப்பவர் எல்லோருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தையும் பறிப்பதில்லை, குடித்துவிட்டு ஓட்டுபவரைத்தான் பிடிக்கிறோம்.

இரண்டு. ஒருவர் உண்மையிலேயே ஆபத்தானவர் என்றால் அதை ஒரு நீதிபதிக்கு முன்னால் நிரூபித்து, அவருடைய பக்கத்தையும் கேட்டு, துவக்கை எடுக்கட்டும். துணைக்கு அச்சுறுத்தலானவர் என்று நீதிமன்றம் கட்டளை பிறப்பித்த ஒருவரிடமிருந்து துவக்கை எடுக்கலாம் என்று 2024இல் ரஹிமி வழக்கில் உயர் நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் ஏற்றுக்கொண்டது. அந்தப் பாதை திறந்துதான் இருக்கிறது. மனைவியை அடிக்கும் குடிகாரனும் அதில் அகப்படுவான், கஞ்சாக்காரனும் அகப்படுவான். தன்பாட்டில் மருந்தெடுக்கும் நோயாளி தப்புவார்.

மூன்று. மத்திய சட்டத்துக்கும் மாநிலச் சட்டங்களுக்கும் இடையிலுள்ள முரணைக் காங்கிரஸ்தான் தீர்க்க வேண்டும். கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு இறக்கும் யோசனை 2024இல் பைடன் காலத்தில் முன்வைக்கப்பட்டது. அதைத் துரிதப்படுத்தும்படி 2025 டிசம்பரில் ட்ரம்ப் உத்தரவிட்டார். அட்டவணை மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். மூன்றாம் அட்டவணையிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். முறையான மருந்துத் துண்டு இல்லாமல் எடுப்பவர் அப்போதும் சட்டவிரோதப் பாவனையாளர்தான். படிவத்தின் கேள்வி அப்படியே இருக்கும். நீதிமன்றம் ஒரு வழக்கை எப்படித் தீர்த்தாலும் இந்த முடிச்சு முழுதாக அவிழாது. சட்டம் போட்டவர்களே அவிழ்க்க வேண்டும்.

*

"அமெரிக்காக்காரன்ட பிரச்சினை, எங்களுக்கென்ன?" என்று கேட்கலாம். துவக்கு எமக்குப் பிரச்சினை இல்லை, உண்மைதான். ஆனால் அந்தப் படிவம் எமது ஊர்களிலும் இருக்கிறது, தாளில் இல்லாவிட்டாலும்.

ஐஸும் தூளும் எமது தெருக்களுக்கு வந்துவிட்டதை மறைக்கத் தேவையில்லை. ஒரு பிள்ளை அதில் கால் வைத்துவிட்டால் வீட்டில் வந்து சொல்லுமா? சொன்னால் அடி, ஊருக்குள் அவமானம், தங்கைக்கு மாப்பிள்ளை வராது, பாடசாலையில் இடமில்லை. சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் நல்ல பிள்ளை. எந்தப் பிள்ளை சொல்லும்? உண்மை சொன்னவனுக்கு எல்லாக் கதவையும் மூடிவிட்டு, மறைத்தவனை மௌலவி முதல் மாமா வரை மெச்சிக்கொண்டிருந்தால், நாமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறோம், அதே பதிலைத்தான் வாங்குகிறோம்.

போதை பிழை என்பதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பிள்ளை அதைச் சொல்ல வரும் வாசலை மட்டும் திறந்து வையுங்கள். வந்து சொன்னால் முதலில் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.